மூங்கில் பட்டை கட்டிய ரொக்கெட்

நிமிர்த்தி வைத்தால் என் கணவரின் தோளுயரம் வரும் ரொக்கெட் அது. கனடாவிலிருக்கும் அவருடைய தங்கை பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தாள். உடம்பு தடித்த காகித மட்டைக் குழாய். அடியில் நாலு இறக்கைகள், விரல் அழுத்தினால் நொறுங்கும் பலகை. வெடிமருந்துக் குழாயைச் செருகிப் பற்றவைத்தால் நிஜமாகவே வானத்துக்குப் போகும். இதயம் பலவீனப்பட்டு, வேலையை விட்டு வீட்டோடு இருந்த மனிதருக்கு அதைப் பறக்கவிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு ஆசை இருக்கவில்லை.

ஹந்தானை மலையில் எங்கள் வீட்டின் முன்னறையில் இருவருமாக ஒட்டினோம். முதல் வாரமே தூசு தட்டப்போய் ஓர் இறக்கையை ஒடித்துவிட்டேன். அவர் துண்டைப் பொறுக்கி மேசையில் வைத்தார். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் அதோடு போயிருக்கும். சும்மா இருந்ததால்தான் எனக்குப் பிடிவாதம் ஏறியது.

எனக்குத் தெரிந்த வேலை நத்தார் பண்டிகைக்கு நட்சத்திர விளக்குக் கூடு கட்டுவது. நான் கட்டியது மாதா கோயில் வாசலில் ஒரு மாதம் மழையில் தொங்கினாலும் அசையாது. அந்தக் கைவரிசையை ரொக்கெட்டிலும் காட்டினேன். இறக்கைக்கு இறக்கை மூங்கில் பட்டை, அதன்மேல் மெல்லிய தாள், மயில்துத்தம் கலந்த கோதுமை மாப் பசை. துத்தம் போட்டால் கரப்பான் பூச்சி அண்டாது. அந்தப் பெருமை வேறு எனக்கு.

அவர் நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். வால் பக்கம் தாழ்ந்தது. அடி கனத்தால் புரண்டுவிடும், கொஞ்சம் பட்டையைப் பிரி என்றார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சிரித்தார். நான் எடையைச் சரிக்கட்ட ரொக்கெட்டின் மூக்கில் களிமண் அடைத்தேனே தவிர ஒரு பட்டையையும் பிரிக்கவில்லை.

அனுமதி எடுத்து ரொக்கெட் விடும் பல்கலைக்கழகப் பிள்ளைகள், ஒரு சனிக்கிழமை திகனப் பக்கம் ஒரு மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். வியாழக்கிழமை நான் இன்னொரு சுற்றுத் தாள் ஒட்டினேன். பனியில் பசை காயவில்லை. சனி காலையில் தொட்டால் விரலில் ஒட்டியது. அடுத்த மாதம் போகலாம் என்று அவரிடம் சொன்னேன்.

"ஒடைஞ்சா ஒடையட்டும் புள்ள. ஒரு தடவ பறக்கிறத பாத்துட்டா போதும் எனக்கு."

"ஈரத்தோட கொண்டுபோயி ஒடைக்கவா இவ்வளவு பாடுபட்டேன்? காயட்டுங்க."

பத்து மணிக்குப் பனி விலகி, அன்று முழுக்க ஒரு மேகம் இல்லை. அவர் கதிரையை வாசலில் போட்டு உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை இறந்துபோனார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பின் நான் மட்டும் அதை மைதானத்துக்குத் தூக்கிப் போனேன். அடி கனம், நாலு பட்டையைக் கழற்றலாமா என்று பிள்ளைகளும் கேட்டார்கள். அவர் கைபட்ட எதையும் பிரிக்க மனம் வரவில்லை, மாட்டேன் என்றேன். எல்லோரையும் தூரத்தில் நிறுத்திவிட்டுப் பற்றவைத்தார்கள். ஒரு தென்னை உயரம் போயிருக்கும். அவர் சொன்னபடியே புரண்டு, புல்லில் வந்து விழுந்தது.

"ஆன்டி, ஒரு கீறல் கூட இல்ல," என்று ஒரு பிள்ளை சந்தோஷமாகச் சொன்னது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உடைந்தால்தான் என்ன, அந்தச் சனிக்கிழமை அவர் கண்முன்னால் ஒரு தரம் பறந்திருக்கலாமே.

பஸ்ஸில் நின்றபடியே அணைத்துப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இன்றுவரை ஒரு கரப்பான்கூட அதை அண்டவில்லை.