தம்பியைத் தோண்டி எடுத்த நாள்

தம்பி மிளகு பறிக்கப் போன இடத்தில் செத்தான். முப்பத்திரண்டு வயது. எனக்கு அவனைவிட ஒன்பது வயது கூட. அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள். ஒரு பெண் குழந்தை, பால்வாடிக்குப் போகிறது.

அன்றைக்கு நான் வேறு தோட்டத்தில் வேலையில் இருந்தேன். அவன் தோட்டத்து மேஸ்திரி போன் பண்ணினார்.

"மரத்துல இருந்து விழுந்துட்டானுங்க. வெரசா வாங்க."

ஓடினேன். தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். மூச்சு இல்லை. பக்கத்தில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் மரத்தில் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது.

எங்கள் பக்கம் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவில் கிளையை ஒட்ட வெட்டாமல் நாலு விரல் அளவுக்கு விடுவோம். அதுதான் படி. ஏற ஏற கால் பட்டு அந்தப் படியெல்லாம் வழவழ என்று ஆகிவிடும். இந்த மூங்கிலில் படி சொரசொரப்பாக இருந்தது. வெட்டின இடம் பச்சை. ஒருத்தன் காலும் அதில் பட்டதில்லை.

தம்பியின் ஏணி எங்கள் ஊட்டுக் கூரையோரம் கிடந்தது. காலையில்தான் அதன்மேல் என் துண்டைக் காயப் போட்டிருந்தேன். அந்த வருஷம் அவன் தோட்டத்தில் அலுமினிய ஏணி வாங்கிவிட்டார்கள். யாரும் மூங்கில் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி வந்து சொன்னான்.

"கனமே இல்லண்ணா. ஒரு கையில தூக்கிட்டுப் போயிரலாம். ஆனா ஒரு வரிசைக்கு மேல கரண்டு கம்பி போவுது. எல்லாருமாப் போயி மேஸ்திரிகிட்டச் சொன்னோம், அந்த வரிசைக்கு மட்டும் மூங்கில் வெச்சுக்கறம்னு."

"என்ன சொன்னாரு?"

"கம்பிய நீ தொடாத, கம்பி உன்னத் தொடாதுங்கறாரு."

அதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு அலுமினிய ஏணி எங்கேயும் கண்ணில் படவில்லை. ஏணியை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. மேஸ்திரி ஒரு காகிதத்தை நீட்டினார்.

"சொந்த மூங்கில்ல ஏறி தவறி விழுந்துட்டான், யார் மேலயும் புகார் இல்லைன்னு எழுதியிருக்குதுங்க. கையெழுத்துப் போட்டா இன்னிக்கே எடுத்துரலாம். இல்லீன்னா போலீசு, போஸ்ட்மார்ட்டம். மலைரோட்டுல எழுபது வளைவும் எறக்கிக் கொண்டு போவாங்க. ரெண்டு நாளு ஆவும். அறுத்துத் தெச்சுத்தான் குடுப்பாங்க. பாத்துக்குங்க."

அறுப்பது என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் அஞ்சாவது வரை படித்தவன். கையெழுத்துப் போடத் தெரியும். போட்டேன். பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டோம்.

தம்பி பெண்டாட்டியை நான் கேட்கவில்லை. எங்கள் வகையில் மூத்தவன் தம்பி பெண்டாட்டியோடு நேராகப் பேசமாட்டான். நான் வந்தால் அவள் எழுந்து உள்ளே போவாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என் பெண்டாட்டி வழியாகத்தான் வரும். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நானும் அவளும் பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டோம். மரியாதை அது. தப்பென்று எனக்குத் தோன்றியதில்லை.

பதினோராம் நாள் காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். என் பெண்டாட்டி சோறு போட்டபடி சொன்னாள்.

"அவ ஒண்ணு சொல்லணுங்கறா. காது குடுத்துக் கேளுங்க."

தம்பி பெண்டாட்டி கதவுக்குப் பின்னால் நின்றாள். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"மஞ்சத் தண்ணி தொட்டுத் தொடைக்கையில பாத்தனுங்க மாமா. ரெண்டு உள்ளங்கையும் வெந்து கெடந்துச்சு. எடது பாதத்துல குழியாட்டம் கருகியிருந்துச்சு. உழுந்தவனுக்குப் பாதம் எப்படிக் கருவும்?"

சோற்றைத் தள்ளி வைத்தேன்.

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டீங்க. அப்பறம் யாருகிட்டச் சொல்லட்டும்?"

என் பெண்டாட்டி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை கழுவினேன். கதவைப் பார்த்துச் சொன்னேன்.

"அந்த ஏணி அவனுது இல்ல கண்ணு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவள் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மூன்று பேரும் நாமக்கல் போனோம். கோர்ட்டில் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று பால்வாடி டீச்சர் சொல்லியிருந்தார். வக்கீல் ஒரு சின்ன வயசு அம்மா. நான் எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"அவங்கதான் சொல்லிட்டாங்களே" என்றாள் அவள்.

"அவருக்கு இதுல உரிமை கம்மிம்மா. பொண்டாட்டி நீங்க, கொழந்த இருக்குது. நஷ்டஈடு கேக்கற மனு உங்க பேர்லதான் போகும். நீங்க வேணும்னாத்தான் நடக்கும்."

பிறகு வழி சொன்னார். ஒன்று போலீஸ். அஜாக்கிரதையால் சாவு என்று கேஸ் போட வேண்டும். அது தண்டனைக்கு. இன்னொன்று தொழிலாளர் ஆபீஸ். வேலை செய்யும் இடத்தில் செத்தால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வருஷத்துக்குள் மனு போட்டால் போதும். இரண்டையும் சேர்த்தே நடத்தலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது என்றார்.

"ஆனா கரண்டுல செத்தாருன்னு காட்ட என்ன இருக்குது? இவரு கையெழுத்துப் போட்ட காயிதம் விழுந்தாருன்னு சொல்லுது. போஸ்ட்மார்ட்டம் இல்ல. எரிச்சீங்களா, பொதைச்சீங்களா?"

"பொதைச்சமுங்க" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப வழி இருக்குது. தாசில்தார் உத்தரவு போட்டா தோண்டி எடுத்து அங்கயே பாப்பாங்க. கரண்டு பட்ட எடத்துத் தோலு அழுகாம நிக்கணும். மழ எறங்கிருச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது. இன்னிக்கே புகார் எழுதிக் குடுங்க."

அறுக்கக் கூடாது என்றுதான் கையெழுத்துப் போட்டேன். இப்போது தோண்டி எடுத்து அறுக்க வேண்டும். தம்பி பெண்டாட்டி வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கம்மா" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளும் என் பெண்டாட்டியும் ஒரு சீட். நான் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றேன். வளைவுக்கு வளைவு வானத்தைப் பார்த்தேன்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். பதினேழாம் நாள் என்று தேதி சொன்னார்கள். பதினாறாம் நாள் மதியம் மழை. கோடை மழை, சடசடவென்று ஒரு மணி நேரம். நானும் என் பெண்டாட்டியும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் குழிமேட்டில் விரித்தோம். நாலு மூலையிலும் கல் வைத்தோம். மேட்டுத் தண்ணீர் குழிப்பக்கம் வந்தது. மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டித் திருப்பினேன். தம்பி பெண்டாட்டியும் வந்து தார்ப்பாயின் ஓரத்தை மிதித்து நின்றாள். அவள் வந்ததும் நான் விலகிப் போகவில்லை. விலக நேரமில்லை.

மறுநாள் ரோட்டில் மரம் விழுந்து டாக்டர் ஏற முடியவில்லை. தேதி பத்தொன்பதுக்குப் போனது. அந்த இரண்டு நாளும் ஊருக்குள் பேச்சுதான்.

"பொதைச்ச ஆள வெளிய எடுக்கறதா? ஊருக்கு ஆவாதுப்பா" என்றார் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர். "உன்ற தம்பி எங்களுக்கும் புள்ளதான். அதுக்காவச் சொல்றேன்."

"யோசிச்சுத்தானுங்க செய்யறோம்."

டீக்கடையில் ஒருத்தர் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். "தம்பி இருந்தப்ப பாகத்துக்கு அடிச்சுக்கிட்டான். செத்ததுக்கப்பறம் பாசம் பொங்குது. நஷ்டஈடு வருதில்ல?"

பாகத்துக்குச் சண்டை போட்டது உண்மை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பத்தொன்பதாம் நாள் காலை எல்லோரும் வந்தார்கள். தாசில்தார், வி.ஏ.ஓ., டாக்டர், இரண்டு போலீஸ். ஜீப் பாதிவரைதான் வரும். மீதி ஏற்றம். தடித்த போலீஸ்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, பொதைக்கறதுன்னா ரோட்டோரம் பொதைக்கமாட்டீங்களா? எழுபது வளைவே தேவலையாட்ட இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரியும் வந்திருந்தார். தூரத்தில் பாறைமேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோண்ட ஆள் இல்லை. கூலிக்கு வருகிறேன் என்று சொன்ன இரண்டு பேரும் வரவில்லை. ஊர்க்காரர்கள் மண்வெட்டியைத் தொடவில்லை. தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆள் இல்லீன்னா இன்னொரு நாள்தான் வெக்கோணும்" என்றார்.

இன்னொரு நாள் தாங்காது. வேட்டியை மடித்துக் கட்டினேன்.

மேல்மண் ஈரமாக இருந்தது. இரண்டடிக்குக் கீழே ஈரம் இல்லை. எங்கே அவன்மேல் வெட்டிவிடுவேனோ என்று கடைசி மண்ணைக் கையாலேயே அள்ளினேன். நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். துணியோடு தூக்கிப் பலகையில் வைத்தோம். போலீஸ்காரர் ஒரு பக்கம் பிடித்தார். அந்தத் தடித்தவர்தான்.

"அடையாளம் காட்டறது யாரு?" என்றார் டாக்டர்.

நான் வாயெடுப்பதற்குள் தம்பி பெண்டாட்டி முன்னால் வந்தாள். என் பக்கத்தில் நின்றாள். மூக்கைப் பொத்தவில்லை.

"என்ற ஊட்டுக்காரருங்க. எடது பாதத்தப் பாருங்க."

"எல்லாம் பாப்போம்மா. நீங்க தள்ளி நில்லுங்க."

"மொதல்ல அதப் பாருங்க சார்."

டாக்டர் முதலில் கையைப் பார்த்தார். வலது கையில் தோல் உரிந்து போயிருந்தது. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். இடது கையும் அப்படித்தான். பிறகு காலைச் சுற்றியிருந்த துணியை வெட்டினார். தண்ணீர் ஊற்றித் துடைத்தார். குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

வெறுங்காலில் மலை நடந்தவன் பாதம். தோல் கனத்துக் காய்த்திருக்கும். அது நின்றிருந்தது.

"சார், இங்க வாங்க" என்று தாசில்தாரைக் கூப்பிட்டார். "இது விழுந்த காயம் இல்ல. கரண்டு வெளிய போன எடமாட்டம் இருக்குது. வெட்டி லேபுக்கு அனுப்பறேன். எலும்பு எதும் முறியல."

வெட்டினார். பாட்டிலில் போட்டு மூடினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பாறைமேல் மேஸ்திரியைக் காணோம்.

தாசில்தார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். வி.ஏ.ஓ. எழுதத் தயாராக இருந்தார்.

"மூங்கில்ல இருந்து விழுந்தாருன்னு காயிதத்துல கையெழுத்து உங்குளுதுதானே?"

"ஆமாங்க."

"அது நெசமா?"

"பொய்யிங்க. அவன் மூங்கிலு ஊட்டுல இருந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்."

"இத எழுதுனா நாளைக்கு உங்களையும் கேப்பாங்க. தெரியுதா?"

"எழுதிக்குங்க."

ஊர்க்கவுண்டர் பத்தடி தள்ளி நின்றார். எல்லோர் காதிலும் விழுந்தது. வி.ஏ.ஓ. வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

"நீங்க வேற எதாச்சும் சொல்லணுமாம்மா?" என்று தாசில்தார் தம்பி பெண்டாட்டியைக் கேட்டார்.

"மத்த ஆளுங்க இன்னிக்கும் அங்க பறிச்சுட்டுத்தான் இருக்காங்க. இப்பவே ஒரு ஆள அனுப்பிப் பாருங்க."

தாசில்தார் போலீஸ்காரர்களைப் பார்த்தார். இரண்டு பேரில் மெலிந்தவர் இறங்கிப் போனார்.

தம்பியைத் திரும்பக் குழியில் வைத்தோம். மூடும்போது மண் போதவில்லை. எப்படிக் குறைந்தது என்று தெரியவில்லை. பக்கத்து மேட்டில் வெட்டி அள்ளிப் போட்டேன். நாலாவது கூடையைத் தூக்கும்போது மறுபக்கம் ஒரு கை பிடித்தது. ஊர்க்கவுண்டர். கொட்டிவிட்டு அடுத்த கூடைக்கு வந்தார்.

போன போலீஸ்காரர் அலுமினிய ஏணியோடு வந்தார். கம்பி வரிசைக்கு இரண்டு மரம் தள்ளி ஒரு ஆள் அதில் நின்று பறித்துக்கொண்டிருந்தானாம். இறங்கச் சொன்னபோது கூலி போய்விடும் என்று சண்டை போட்டானாம்.

லேப் காகிதம் வர மூன்று மாசம் ஆனது. கரண்டு என்றுதான் வந்தது. போலீஸ் கேஸ் முதலாளி மேலும் மேஸ்திரி மேலும் இருக்கிறது. தொழிலாளர் ஆபீஸில் மனு தம்பி பெண்டாட்டி பேரில் இருக்கிறது. நான் சாட்சி. முதலாளியும் மேஸ்திரியும் ஆள்விட்டுச் சமாதானம் பேசினார்கள். அவளிடம் போகச் சொன்னேன். அவள் வாய்தாவுக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

தொழிலாளர் ஆபீஸில் போன வாய்தாவுக்கு முதலாளி வரவில்லை. அடுத்ததுக்கு வந்தே ஆக வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அது வருகிற செவ்வாய்க்கிழமை. முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.