காற்றை விடாத யானைகள்

சென்ற வாரம் இலத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, சுரண்டையிலிருந்து வந்திருந்த அவர் பேத்தியின் மகள் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிவந்து என் மடியில் போட்டாள். உள்ளே நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் யானை, காது எது தும்பிக்கை எது என்று அறிய முடியாதபடி வேட்டி மடிப்பாக மடிந்து கிடந்தது. அதை உதறி விரித்ததும் என் விரல்கள் தாமாகவே அதன் வயிற்றடிக்குப் போய்க் காற்று ஊதும் வாயைத் தேடின. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வாயின் உட்புறத்தில் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு மெல்லிய நாக்கு தொங்கிற்று. நாம் ஊதும் காற்றுக்கு உட்பக்கமாக விலகி வழிவிடும். உள்ளே போன காற்று திரும்பி வர முயன்றால் அதே காற்றின் அழுத்தத்தாலேயே வாயை அடைத்துக்கொள்ளும். இவ்வளவுதான் அதன் தொழில். சரக்குக்காரர்கள் இதை வால்வு என்பார்கள். நானும் என் மதினியும் நாக்கு என்றே சொல்லிப் பழகினோம். எங்கள் குடும்பத்தில் நெடுநாள் இழுத்துக்கொண்டிருந்த ஒரு வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னது இந்த நாக்குதான் என்றால் அச்சிறுமிக்கு விளங்காது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

மதினி என்பது என் அண்ணன் மனைவி. நானும் அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள் ஆதலால் எங்கள் இருவருக்கும் நாத்தனார் மதினி என்கிற உறவைக் காட்டிலும் கூட்டாளிகள் என்கிற உறவே பொருந்தும். ஆண்டுதோறும் சாரல் விழத் தொடங்கியதும் ஐந்தருவிக்குப் போகும் வழியில், ஓடைக்கரைச் சரிவில், நான்கு கம்புகளை நட்டுத் தார்ப்பாய் கட்டிக் கடை போடுவோம். ஊதிய பந்துகள், வாத்துகள், யானைகள், சிறுவர் இடுப்பில் மாட்டிக்கொண்டு நீந்தும் வளையங்கள் ஆகியவையே எங்கள் சரக்கு. ஆண்டின் மற்ற மாதங்களில் மதினி அடுப்புக்கும் வயலுக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பவள். இந்தச் சீசனில் மட்டும் அவள் கொண்டையில் பூச் சூடி, வெளியூர்க் கூட்டத்துக்கு நடுவில் நின்று, யாரோ ஒரு மதுரைக்காரரிடமோ கொல்லத்துக்காரரிடமோ வாயாடிச் சிரித்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு அடங்கியவள் என்று ஊர் கருதிய அவளுக்குள் அத்தனை குறும்பு இருந்ததை நான் அங்கேதான் கண்டேன். அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்தத் தார்ப்பாயின் நிழல். அதை விட்டுவிட அவள் எக்காலத்தும் சம்மதித்தவள் அல்லள்.

ஆனால் அவளுக்கு இளைப்பு நோய் இருந்தது. குளிர்ந்த காற்றும் ஈரமும் சேர்ந்தால் நெஞ்சு புறாவைப் போலக் குனுகும். அதற்காக எந்நேரமும் ஒரு துண்டுச் சுக்கைக் கடைவாயில் அடக்கிக்கொண்டிருப்பாள். அந்நாளில் எங்களுக்கு வந்த சரக்குகளின் வாய் வெறும் குழாய். அதில் நாக்கு கிடையாது. ஊதிக்கொண்டே வந்து மூச்சு வாங்குவதற்காக உதட்டை எடுத்தால் ஊதியதில் பாதி முகத்தில் அடித்துத் திரும்பிவிடும். நம் வாய் நாக்கின் நுனியாலோ கட்டைவிரலாலோ அடைத்துக்கொண்டு மூக்கால் மூச்சிழுத்து மறுபடியும் ஊத வேண்டும். சைக்கிள் பம்பு அந்த வாய்க்குப் பொருந்தவில்லை. நான் ஊதுகிறேன் என்றால் மதினி விடமாட்டாள். “நீ கூப்பாடு போட்டு ஆளக் கூப்பிடு, அதுக்குத்தான் ஒனக்குத் தொண்ட இருக்கு. ஊதும்போதுதான்டி எங்கன ஓட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்பாள். அது மெய்தான். கன்னத்தில் படும் மெல்லிய காற்றைக்கொண்டே ஒட்டு விட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிடுவாள்.

ஒருமுறை கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி முகத்தைச் சுளித்து, “வாயாலயா ஊதுறீங்க?” என்று கேட்டார். மதினி ஊதுவதை நிறுத்திவிட்டு மிகுந்த பணிவோடு, “மூக்கால ஊதிப் பாத்தேம்மா, யானைக்குத் தும்பிக்க வளைஞ்சு போவுது” என்றாள். அப்பெண்மணி சிரித்துவிட்டார், யானையையும் வாங்கிப் போனார். அவர் போன பிறகு மதினி கம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இளைத்தாள். அந்தச் சமயத்தில் வயலிலிருந்து அண்ணன் வந்து சேர்ந்ததுதான் வினையாகிவிட்டது.

அண்ணன் கோபக்காரர் அல்லர். கார் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு மாலையில் எங்களுக்குத் துணையாக வருவார். ஓரமாக அமர்ந்து வேடிக்கை பார்ப்பார். அன்று அவர் முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், “ஏளா, கேட்டுக்கோ. இனிமே ஒரு தடவ அங்கன வச்சு ஒனக்கு இளைப்பு வந்துட்டுன்னா, அன்னைக்கே கடையத் தூக்கிருவேன். மூச்சே இல்லாத பொம்பளைக்கு ஊதுத யாவாரம் எதுக்கு?” என்றார். மதினி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அடுத்த சீசன் வரும் வரையில் இந்த எச்சரிக்கை எங்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த ஆண்டு தென்காசி மொத்தக் கடையில் சரக்கு எடுக்கப் போனபோது கடைக்காரர், “புது மாலு வந்திருக்கு, வால்வு வச்சது” என்று ஒரு யானையை எடுத்துப் போட்டார். மதினி அதை அங்கேயே ஊதத் தொடங்கினாள். குழாயைப் பல்லால் மெல்லக் கடித்துக்கொண்டு ஊதுவது அவள் வழக்கம். இரண்டு மூச்சு ஊதிவிட்டுப் பழக்கத்தால் கட்டைவிரலை வைத்து அடைக்கப் போனவள், காற்று வராததைக் கண்டு விரலை எடுத்துவிட்டாள். யானை அப்படியே நின்றது. வாயருகே காதை வைத்துக் கேட்டாள், சத்தமில்லை. “ஏட்டி, இங்க பாரு! வாங்குன மூச்சத் திருப்பித் தரமாட்டேங்கு!” என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கூவினாள். எனக்கு அன்று அவளுடைய மகிழ்ச்சியின் முழு அளவும் புரியவில்லை. ஊதிவிட்டு ஓய்வெடுக்கலாம், பேசலாம், சுக்கைக் கடிக்கலாம், மறுபடியும் விட்ட இடத்திலிருந்து ஊதலாம். மூச்சு முட்டாத மனிதருக்கு அது ஒரு வசதி. அவளுக்கோ அது ஒரு வாழ்வு.

அந்தச் சீசனில் ஆடி அமாவாசை நெருங்கும் வரையில் அவளுக்கு ஒருமுறைகூட இளைப்பு வரவில்லை. அந்தத் தைரியத்தில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். முன்பெல்லாம் காற்று இறங்கிவிடும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊதுவோம். நாக்கு வைத்தவை வாடாமல் நின்றபடியால், ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கென்று மூட்டையில் இருந்த சரக்கு முழுவதையும் மதினி சிறிது சிறிதாக முன்கூட்டியே ஊதி வைத்துவிட்டாள். தார்ப்பாய்க்குக் கீழே யானைகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்க, எங்களுக்கு நிற்க இடமில்லை.

அன்று நண்பகலில் மலைமேல் மழை கொட்டியது. அருவியின் ஓசை மாறியது. ஓடை செம்மண் நிறமாயிற்று. குளித்துக்கொண்டிருந்தவர்களைக் காவலர்கள் விரட்டிக் கரையேற்றினார்கள். ஒருவர் எங்களிடம் ஓடிவந்து, “அக்கா, சட்டுனு காலி பண்ணுங்க, தண்ணி இங்கன வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அன்று அமாவாசைத் தர்ப்பணம் முடித்துவிட்டு முன்னதாகவே வந்திருந்தார். அவர் சாக்கைப் பிரித்தார். நான் மூடிகளைப் பிடுங்கினேன். பழைய சரக்காக இருந்தால் மூடியைப் பிடுங்கிய கணமே புஸ்ஸென்று படுத்துவிடும். இவையோ மூடி போன பின்னும் மிடுக்குக் குறையாமல் நின்றன.

அழுத்தினோம். அழுத்த அழுத்த உள்ளே காற்று நாக்கைத் தள்ளிக்கொண்டு இன்னும் இறுக்கமாக அடைத்தது. அண்ணன் பொறுமையிழந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு யானையின் மேல் ஏறி அமர்ந்தார். அது அவரை ஒருமுறை தூக்கிப்போட்டது. “சவத்து மூதி! எவன்ளா இத செஞ்சான்? காத்த விடமாட்டேங்கே!” என்று அவர் மழையில் குதிக்க, பக்கத்தில் நேந்திரங்காய் வறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் தம் வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவசரத்திலும் நின்று, “அண்ணாச்சி, பாகன் வேல எப்பம் கெடச்சுது? அங்குசம் வேணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். காற்று வீசியது. மஞ்சள் வாத்து ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடையில் விழுந்து, வெள்ளத்தின் மேல் கழுத்தை நிமிர்த்தியபடி தன் சொந்த ஊருக்குப் போவதுபோல் போயிற்று.

மதினி சிரித்தாள். கம்பைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாயிற்று. அண்ணன் யானையிலிருந்து இறங்கினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். சரக்கும் கடையும் வெள்ளத்தோடு போவதைக் காட்டிலும் அந்தச் சொல்லுக்கே நான் அஞ்சினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மதினி கையை உயர்த்தித் தடுத்தாள். மூச்சுக்கு நடுவே விட்டுவிட்டுச் சொன்னாள்: “கடிச்சா... திரும்பி வரும். ஊதும்போது பல்லு அழுந்துனா... என் வாய்க்கே வரும்லா. அமுக்காதிய. கழுத்தப் பிடிச்சு நசுக்குங்க.” அவள் பற்கள் பல வாரங்களாக அறிந்திருந்ததை அவளே அப்போதுதான் சொல்லாக்கினாள். ஊதிய சரக்கு அனைத்தும் ஊதியபடியே விற்றுப்போனதால் காற்றை இறக்க வேண்டிய தேவை எங்களுக்கு அதுவரை வந்ததில்லை.

அண்ணன் ஐயத்தோடு குழாயின் அடியை இரு விரலால் நசுக்கினார். உள்ளே நாக்கு மடங்கி வழி திறந்தது. காற்று நேரே அவர் முகத்தில் அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். யானை மெல்லத் தலை கவிழ்ந்தது. அவர் அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். பிறகு மதினியைத் திரும்பிப் பார்த்து, “ஏளா, எல்லாம் சுக்கு வாசம்” என்றார். இன்னொன்றின் கழுத்தை நசுக்கியபடி, தமக்குத்தாமே சொல்வதுபோல், “இவ்வளவு மூச்சா வச்சிருந்த?” என்றார்.

சாக்குகள் நிறைந்தன. தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு நாங்கள் மேட்டில் ஏறி நின்றபோது ஓடை எங்கள் கம்புகளில் முழங்காலளவு உயரத்துக்கு வந்திருந்தது. மதினியின் இளைப்பு தணிந்துவிட்டது. அண்ணன் தீர்ப்பைச் சொல்லவே இல்லை. மறுநாள் வெயில் அடித்ததும் மறுபடியும் கம்பு நடக் கிளம்பியவரும் அவரே. வழியில் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: “பாதி இவ ஊதட்டும், மிச்சம் நீ ஊது. அதுதான் நாக்கு இருக்கே, கை மாத்துனாலும் காத்து போவாதுல்லா.” அன்றிலிருந்து எங்கள் கடையில் அதுவே முறையாயிற்று. மதினி முதல் மூச்சுகளை ஊதிக் கன்னத்தில் வைத்து ஓட்டை பார்த்து என்னிடம் நீட்டுவாள். நான் நிறைத்து மூடியிடுவேன். விற்காதவற்றின் கழுத்தை நசுக்கிக் காற்றை இறக்குவது அண்ணனின் வேலை. அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முகத்தை அருகே வைத்துக்கொண்டு வெகு நிதானமாகச் செய்வார். பல சீசன்கள் அப்படியே நடந்தன. முழங்கால்கள் சரிவில் இறங்க மறுத்த பிறகு நாங்களாகவே நிறுத்திக்கொண்டோம். குறையொன்றும் இல்லை. இப்போது அந்த வழியில் கடை போட்டிருப்பவர்கள் மின்சாரத்தில் ஊதும் கருவி வைத்திருக்கிறார்கள். நல்லதுதான், யாருடைய நெஞ்சும் நோகாது.

நீல யானையை நான் மதினியின் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். அவளுக்கு இப்போது வாயில் வைத்து இழுக்கும் மருந்து இருக்கிறது. அதனால் முன்னைவிடச் சுகமாகவே இருக்கிறாள். பேத்தி, “ஆச்சி, நீங்க ஊதக் கூடாது” என்று பதறினாள். மதினி அவளைப் பொருட்படுத்தாமல் குழாயைப் பொக்கை வாயில் கவ்வி ஒரே ஒரு மூச்சு ஊதினாள். யானையின் வயிறு சற்றே அசைந்தது. அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, “ஓட்ட இல்ல. மிச்சம் ஒம் பாடுட்டி” என்று என்னிடம் நீட்டினாள். நான் நின்று நின்று ஊதினேன். எனக்கும் வயதாகிவிட்டது, நாக்கு காற்றைக் காத்துக்கொண்டது. சிறுமி மாலை வரையில் அதன் மேல் ஏறிக் குதித்தாள்.

சுரண்டைப் பேருந்துக்கு நேரமானதும் பேத்தி மூடியைப் பிடுங்கி, முழங்காலால் யானையை அமுக்கி, பையில் திணிக்கப் பாடுபட்டாள். “அமுக்காதே, இங்கன கொண்டா” என்று நாற்காலியிலிருந்து அண்ணன் கை நீட்டினார். நடுங்கும் இரு விரல்களால் குழாயின் கழுத்தை நசுக்கி, முகத்தை அருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். யானை மெல்லத் தலை கவிழ்ந்தது.

“இன்னும் சுக்கு வாசம் அடிக்கு” என்றார்.

கட்டிலிலிருந்து மதினி சொன்னாள்: “பொய் சொல்லுதிய. பல்லு போனதுல இருந்து நான் சுக்கே திங்கது இல்ல.”

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. யானை முழுவதும் இறங்கும் வரையில் விரலையும் எடுக்கவில்லை.