நான் குதிக்காத ஷாட்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுகிற ரகம் நான். எங்கள் போர்ட் பிளேரில் அந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது, ஜெயில் இருந்த ஊர் இல்லையா, பழைய மரம் ஒன்று விடாமல் தூக்கில் தொங்கினவன் ஒருத்தன் கதை இருக்கும். அத்தனை மரத்துக்குக் கீழேயும் நான் நடந்திருக்கிறேன், எறும்பு கடித்ததைத் தவிர வேறொன்றும் நடந்ததில்லை. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், ஒரு சினிமாக் கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், என் பெண்டாட்டியே வெகுகாலம் நம்பவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. எனக்குச் சாத்தம் மர மில்லில் வேலை. லாஞ்ச் இழுத்துக்கொண்டு வருகிற பெரிய தடிகளைத் தண்ணீரிலேயே பிரித்துக் கயிறு கட்டிக் கரைக்குத் தள்ளிவிட வேண்டும், அதனால் பாதி நாள் கடலில்தான் கிடப்பேன். அப்பா கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்தவர், எங்கள் வீட்டில் நீச்சல் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, அது தானாக வரும். ஜங்லிகாட்டில் குடியிருந்தோம். மூத்தவள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த வருஷம் மழை விட்டதும் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா யூனிட் கப்பலில் வந்து இறங்கியது. கதாநாயகன் எரிகிற படகிலிருந்து கடலில் குதிக்க வேண்டும், அதுதான் படத்தின் முக்கியமான கட்டம். கதாநாயகருக்கோ முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாலே முகம் வெளிறிவிடும். டூப் போடக் கூட்டி வந்த ஆள் கப்பலில் வாந்தி எடுத்து எடுத்து, கரையில் இறங்கிய பிறகும் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தான். யாரோ மில்லுக்கு வந்து என்னைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, இதே முதுகுதான், இதே தோள்தான் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முகம் வேண்டாமாம், முதுகு போதுமாம். சினிமாவில் சேர இத்தனை சுலபமாக ஒரு வழி இருக்கிறது என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

வீட்டில் சொன்னபோது என் பெண்டாட்டி செலின் வேறு எதுவும் கேட்கவில்லை. "தீ எரியிற வள்ளத்துல ஏறணும்னு சொன்னா, ஒங்களுக்கு அறிவு எங்க போச்சு?" என்றாள். அவள் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண், கடலைப் பற்றியும் படகைப் பற்றியும் அவளிடம் கதை விட முடியாது. எல்லாம் பாதுகாப்பாகத்தான் செய்வார்கள், மெட்ராஸ்காரர்கள் என்று சொல்லிச் சமாளித்துவிட்டுப் போனேன்.

அந்தப் பாதுகாப்பின் லட்சணத்தைக் கேளுங்கள். ஊருக்குத் தெற்கே ஆளில்லாத ஒரு சின்ன கடற்கரையில் ஷூட்டிங். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய டிங்கிப் படகை நங்கூரம் போட்டு நிறுத்தி, அதன் மேல் ஓலைக் கூரை போட்டு, கூரை முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். படகின் அடிவயிற்றில் வெடிமருந்து. அதிலிருந்து ஒரு வயர் கரைக்கு வந்து, ஸ்டண்ட் மாஸ்டரின் பக்கத்தில் ஒரு பாட்டரிப் பெட்டியோடு சேர வேண்டும். நான் புகைக்குள்ளே ஓடி வந்து முனையில் நிற்க வேண்டும், டைரக்டர் வெள்ளைத் துண்டை ஆட்டியதும் குதிக்க வேண்டும், நான் தண்ணீருக்குள் போன பிறகு மாஸ்டர் வயரைத் தொடுவார், படகு வெடிக்கும். முதலுதவிப் பெட்டி என்று ஒன்று இருந்தது, ஆனால் அது மேக்கப்காரர் கையில், அதிலிருந்த பஞ்சையும் ஸ்பிரிட்டையும் அவர் மீசை ஒட்டவும் பிய்க்கவும் தீர்த்துவிட்டிருந்தார்.

நான் மாஸ்டரிடம் கேட்டேன், நீங்கள் வயரைத் தொடுவதற்கு முன்னாலேயே கூரைத் தீ மருந்தைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று. அவர் என் தோளில் கைபோட்டார். "ஒண்ணியும் ஆவாதுபா. வெடின்றது நம்ம சொன்ன பேச்சக் கேக்கும்" என்றார். அந்தக் கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, இது வேற படம் என்றார்.

ஆபத்து என்றால் என்னைத் தூக்கிவர ஒரு படகும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அது நித்தாய் பாயுடையது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறினவர், நல்ல மனுஷன், ஆனால் அவருடைய இன்ஜினைக் கயிற்றால் சுற்றிச் சுற்றி இழுத்து அது கிளம்புவதற்குள் ஒருவன் மூழ்கி, அடக்கம் முடிந்து, மாதா கோயிலில் பூசையும் கொடுத்துவிடலாம். அன்றைக்கும் அது கிளம்பவில்லை. துடுப்புப் போட்டுத்தான் என்னை எரியப்போகிற படகுக்குக் கொண்டுபோய் ஏற்றுவதாக முடிவாயிற்று.

மத்தியானம் சாப்பாடு ஆயிற்று. வெயிலில் வெகுநேரம் இருந்த தயிர்சாதம். நான் அந்தத் தயிரைக் குற்றம் சொல்வேன், செலின் பயம் என்று சொல்வாள், எதுவாக இருந்தாலும் சரி, கட்டம் போட்ட சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, மேக்கப்காரர் என் தலைமுடியைக் கதாநாயகர் மாதிரி ஏற்றி வாரிக்கொண்டிருக்கும்போது வயிற்றுக்குள் ஒரு புரட்டுப் புரட்டியது. வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லாமல் கடற்கரை ஓரத்துத் தாழம்புதருக்குப் பின்னால் ஓடினேன். நான் இல்லாமல் ஷாட்டை எப்படி எடுப்பார்கள், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மெகாபோனில் டைரக்டர் கத்துவது கேட்டது. கேமரா ஓடுகிறது என்று யாரோ பதில் கொடுத்தார்கள். ஒத்திகையாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு மண்ணெண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியது. தாழை இலைகளை விலக்கிப் பார்த்தால் படகு எரிகிறது, புகைக்குள்ளே ஒருத்தன் ஓடுகிறான்.

கட்டம் போட்ட சிவப்புச் சட்டை. அந்தச் சட்டையில் இரண்டுதான் தைத்திருந்தார்கள். ஒன்று கதாநாயகர் மேல், அவர் குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. இன்னொன்று என் மேல். நான் குனிந்து என் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன், நம்புங்கள், உண்மையாகவே தொட்டுப் பார்த்தேன். ஒருவனுக்குத் தன் முதுகு எப்படி இருக்கும் என்று தெரியாது, நான் என் முதுகை அதற்கு முன் பார்த்ததே கிடையாது. ஆனால் எரிகிற படகில் ஓடுவது என் முதுகு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வலது தோளைக் கொஞ்சம் தூக்கி ஓடுகிற அந்த ஓட்டம் மில்லில் தடி இழுத்து இழுத்து வந்தது, அது வேறு ஒருத்தனுக்கும் வராது.

அவன் முனையில் நிற்கவே இல்லை. துண்டுக்காகக் காத்திருக்கவும் இல்லை. ஓடிவந்த வேகத்தில் அப்படியே குதித்துவிட்டான். டைரக்டருக்கு வந்ததே கோபம். மெகாபோனைத் தூக்கி, "அதுக்குள்ள ஏன்யா குதிச்சுத் தொலை…" என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் முடியவில்லை. படகு வெடித்துவிட்டது.

சொன்ன பேச்சைக் கேட்கிற வெடி இல்லை அது. கரை வரைக்கும் பலகைத் துண்டுகள் வந்து விழுந்தன. ரிஃப்ளெக்டர் ஒன்று நொறுங்கிற்று, கதாநாயகரின் குடை பறந்தது, அவர் குடைக்கு முன்னால் பறந்துவிட்டார், டைரக்டர் மணலில் மல்லாக்க விழுந்து கிடந்தபடியே, எடுத்தாச்சா எடுத்தாச்சா என்று கேமராமேனைக் கேட்டார். அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்தது. மொத்தக் கூட்டமும் என் பேரைச் சொல்லிக் கதறிக்கொண்டு தண்ணீருக்கு ஓடியது. நானும் பாண்ட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினேன். பக்கத்தில் ஓடிய மேக்கப்காரரிடம், குதித்தது யார் சார் என்று கேட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நித்தாய் பாய் படகிலிருந்து என்னைப் பார்த்து, துடுப்பை விட்டுவிட்டுத் தண்ணீரில் விழுந்தார். அவரைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டியிருந்தது. கரையில் கொண்டுவந்து போட்டதும் என் கையைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் தாழம்புதருக்குப் பின்னால் இருந்தேன் என்று சொன்னதும் பலமாகத் தலையை ஆட்டினார்.

"தும் ஹீ பைட்டா தா, பாய். மேரா நாவ் மே. பில்குல் சுப்" என்றார்.

நீதான் என் படகில் உட்கார்ந்திருந்தாய், வாயே திறக்கவில்லை என்கிறார். போகிற வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். நான் எப்படிப்பட்டவன் என்று இதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கே தெரியும், நான் ஒரு படகில் பேசாமல் போவேனா? அதுதான் அவருக்கும் ஆச்சரியமாக இருந்ததாம், பயத்தில் இருக்கிறான் பாவம் என்று விட்டுவிட்டாராம்.

யூனிட் ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள். பொழுது சாயும் வரைக்கும் நானும் இன்னும் சிலரும் முங்கி முங்கித் தேடினோம். யாரும் இல்லை, துணிகூட இல்லை. கடைசியில் டைரக்டரே ஒரு முடிவுக்கு வந்தார், நான்தான் குதித்தேன், முங்கிப் போய்ப் புதருக்குப் பின்னால் ஏறி விளையாட்டுக் காட்டினேன் என்று. நான் கரையில் ஓடிவந்தபோது சட்டை நனைந்திருக்கவில்லையே சார் என்றேன். அந்த வெயிலுக்கு அதற்குள் காய்ந்திருக்கும் என்றார். நான் எத்தனை தடவை மறுத்தேனோ அத்தனை தடவை என் முதுகில் தட்டி, அடக்கமான பையன் என்றார்கள்.

மாஸ்டர் மட்டும் தட்டவில்லை. எல்லோரும் சாமான்களைக் கட்டும்போது என்னைத் தனியாக அந்தப் பாட்டரிப் பெட்டிக்குக் கூட்டிப்போனார். வயரின் முனை சுருட்டினபடி மணலில் கிடந்தது. அவர் அதை மாட்டவே இல்லை. தீ தானாகவே போய் மருந்தைத் தொட்டிருக்கிறது.

"துண்டு ஆட்ற வரிக்கும் நின்னிருந்தா நீ இல்லபா" என்றார்.

"நான் ஏறவேயில்ல மாஸ்டர்" என்றேன்.

"தெரியும். நீ புதர்லேந்து எழுந்து வந்தத நான் பாத்தேன்" என்றார். மறுநாள் இன்னொரு வெடி எடுக்க வேண்டியிருந்தது, டைரக்டர் எவ்வளவோ கத்தியும் அவர் ஆளை ஏற்ற மறுத்துவிட்டார். வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, என் சட்டையைக் கழற்றி அதற்கு மாட்டினார்கள். அது என்னைவிடக் கதாநாயகர் மாதிரி இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டில் செலின் அடுப்பைவிட அதிகமாக எரிந்தாள். வெடித்த செய்தி எனக்கு முன்னாலேயே ஜங்லிகாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் குதிக்கவில்லை என்று சொன்னேன். ஏச்சுக்குப் பயந்து பொய் சொல்கிறேன் என்றாள். ஊரோ நேர்மாறு, டீக்கடையில் உட்கார்ந்தால் குதித்த கதையைச் சொல் என்பார்கள், குதிக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்வார்கள். செய்யாத காரியத்துக்கு ஒரே சமயத்தில் ஏச்சும் வாங்கி, மாலையும் வாங்கினவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மெயின்லாண்டில் ஓடித் தீர்ந்த பிறகுதான் அந்தப் படம் எங்கள் ஊருக்கு வந்தது. ஜங்லிகாட்டே திரண்டு போயிற்று. செலின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். அந்தக் கட்டம் வந்ததும் ஆரம்பித்த விசிலில் மேலே ஒன்றும் காதில் விழவில்லை, பின்னாலிருந்து ஆட்கள் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார்கள். திரையில் என் முதுகு ஓடுகிறது, குதிக்கிறது, படகு வெடிக்கிறது. அவ்வளவுதான், மெட்ராஸ் ஸ்டுடியோவின் தொட்டித் தண்ணீரிலிருந்து கதாநாயகர் தலையைச் சிலுப்பிக்கொண்டு எழுந்துவிட்டார்.

செலின் என் கையைப் பிடித்தாள். விசில் அடங்கும் வரைக்கும் பொறுத்திருந்து, காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்.

"அது நீங்க இல்ல. அந்த ஆளு விழுந்தப்ப தண்ணி தெறிக்கவே இல்ல."

மறுநாள் நான் மட்டும் தனியாகப் போய் இன்னொரு தடவை பார்த்தேன். அவள் சொன்னது சரி. அத்தனை வேகத்தில் ஓர் ஆள் உள்ளே போகிறான், கடல் அப்படியே விரித்த பாய் மாதிரிக் கிடக்கிறது, ஒரு சொட்டு மேலே எழும்பவில்லை. விசிலடிக்கிற அவசரத்தில் ஊரில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை.

அதற்கப்புறமும் எத்தனையோ வருஷம் சாத்தத்தில் தண்ணீரில்தான் வேலை செய்தேன். மில் படகுத்துறையிலிருந்து குதித்து மேலே வந்ததும் மற்றவர்கள் மூச்சு வாங்குவார்கள். நான் முதலில் திரும்பி, விழுந்த இடத்தில் அலை வட்டம் போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். இப்போது வீட்டில் குளிக்கும்போதுகூட, சொன்னால் சிரிப்பீர்கள், வாளித் தண்ணீரில் கையை ஒரு தடவை அடித்து, தெறிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்கிறேன்.