கோழிக்கூடு என்று இடிக்கப்போகும் வாசிகசாலை

சண்டிலிப்பாயில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊர் வாசிகசாலைக்கு முன்னால் நிற்கிறேன். அறுபதுகளில் கட்டியது. காகிதத்தை மடித்து வைத்ததுபோலக் கொங்கிறீட் கூரை. மூன்று பக்கமும் துளையிட்ட சீமெந்துக் கற்களால் எழுப்பிய சுவர். உள்ளே ஒரு மின்விசிறிகூட இல்லை; தேவைப்பட்டதுமில்லை. போர்க்காலத்தில் ஷெல் விழுந்த மூலையை வேறு நிறச் சீமெந்தால் பூசியிருக்கிறார்கள். கூரை அப்போதும் அசையவில்லை.

வாசலில் பெரிய பதாகை. அதில் இந்த இடத்தில் வரப்போகும் கட்டடத்தின் படம்: முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, அதற்கு முன்னால் ரோமாபுரித் தூண்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"தம்பி, ஷெல்லுக்கே விழாததை நீங்களே விழுத்தப்போறியளோ?" வாசிகசாலைச் செயலாளரிடம் கேட்கிறேன்.

"என்ன அண்ணை செய்யிறது? சனம் உதைக் கோழிக்கூடெண்டு பகிடி பண்ணுது. கனடாவிலை இருக்கிற எங்கடை ஊராக்களுக்கும் ஊர் முன்னேறினமாதிரித் தெரியவேணும். இண்டைக்குத்தான் அடிக்கல் நாட்டுறம். வாங்கோ, உள்ளுக்கை வந்து இருங்கோ."

முற்றத்தில் தகரப் பந்தல் போட்டிருக்கிறார்கள். அதன்கீழ் ஒருவருமில்லை.

"அப்ப இந்தப் பந்தல் ஆருக்கு?"

"விழாவுக்குத்தான் போட்டனாங்கள். சரியான வெக்கை அண்ணை, இருக்கேலாது. கதிரையளை உள்ளுக்கை மாத்திப்போட்டம். உதுக்குள்ளை நல்ல காத்து."

வெட்கமில்லாமல் சொல்லிவிட்டு உள்ளே போகிறார். நான் வெயிலிலேயே நிற்கிறேன். சுவர்த் துளைகளால் நுழையும் காற்றில் மேசை விரிப்பு படபடக்கிறது. அடுத்த மாதம் இதை இடித்துவிடுவோம் என்று வாசிகசாலைத் தலைவர் அறிவிக்கிறார். ஊரே கை தட்டுகிறது. ஒரு முகத்திலும் வியர்வை இல்லை.