அவர் மறுபடி சாப்பிடத் தொடங்கிய வியட்நாம் கடை

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஐம்பத்தெட்டு வயது. ஆறு வாரம் ரேடியேஷன் கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது. அதோடு நாக்கின் ருசியும் வாயின் எச்சிலும் போய்விட்டன. ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் செய்து பார்க்காதது இல்லை. மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் சேர்க்காமல் தேங்காய்ப்பாலில் சொதி வைத்து, இடியப்பத்தை அதில் ஊறவிட்டுக் குழைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளுவார்.

"எரியுதப்பா. மண்ணைத் தின்னுறமாதிரிக் கிடக்கு."

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்த பெண் வாரந்தோறும் அவரை எடை நிறுத்துப் பார்ப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் நெடுநேரம் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்த வாரமும் எடை இறங்கினால் வயிற்றில் குழாய் வைத்துத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். வெளியே வந்ததும் என் கணவரால் கோட்டின் பொத்தானைப் போட முடியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் டெட்ஃபர்டில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ விபத்து. சாரதி எல்லோரையும் இறங்கச் சொன்னார். நல்ல மழை. அடுத்த நிறுத்தம்வரை நடக்க அவருக்குத் தெம்பில்லை. எதிரே ஒரு வியட்நாம் கடை திறந்திருந்தது. இருக்க ஒரு கதிரை கிடைத்தால் போதும் என்று உள்ளே போனோம்.

கடைக்காரிக்கு அறுபது வயதிருக்கும். நான் தேநீர் கேட்டேன். அவள் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கணவர் தண்ணீரைத் துளித்துளியாக விழுங்குவதைப் பார்த்தபடி நின்றாள். கறுத்துப்போயிருந்த அவருடைய கழுத்தையும் பார்த்தாள். தன் தொண்டையைத் தொட்டுக்காட்டி, "ரேடியேஷனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஆமென்று தலையாட்டினேன்.

"என் கணவருக்கும் இதேதான்."

இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். சமையலறைப் பக்கம் முகவாயை நீட்டி, "உள்ளே வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறார்" என்றாள்.

நாங்கள் எதுவும் கேட்காமலே ஒரு கிண்ணம் வந்தது. அதன் பெயர் சாவ். கோழிச்சாற்றில் அரிசியை உருத்தெரியாமல் கரையும்வரை வேகவிட்ட கஞ்சி. "மிளகு போடவில்லை, இஞ்சியும் இல்லை. ஆறவிட்டுச் சாப்பிடுங்கள்" என்றாள். அவர் ஒரு கரண்டி எடுத்தார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"என்னப்பா, எரியேல்லையோ?"

"இல்லை. ருசி ஒண்டும் தெரியேல்லை. ஆனா இறங்குது."

முக்கால் கிண்ணம் முடிய ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆனது. கடைக்காரி எங்களை எழுந்து போகச் சொல்லவில்லை. நான் கண்ணாடி வழியே தெருவைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

அன்று முதல் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே போனோம். மற்ற நாள்களுக்குக் கடைக்காரி அந்தக் கஞ்சியைப் பெட்டியில் அடைத்துத் தந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை எடை இறங்கவில்லை. குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஃபோ கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் மாட்டிறைச்சி தொடுவதில்லை என்றதால் கோழி போட்ட ஃபோ. சுட்ட வெங்காயம், சுட்ட இஞ்சி, கறுவாப்பட்டை, அன்னாசிப்பூ எல்லாம் போட்டு எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்த சாறு. அதில் மெல்லிய அரிசி நூடுல்ஸ். விழுங்க வசதியாக அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டிருந்தாள். என் கணவர் ஆவிக்கு மேலே குனிந்தவர் நிமிரவில்லை.

"கறுவா மணக்குது."

"உண்மையாவோ?"

"ஓமப்பா. இஞ்சை, மணந்து பாரும்!"

எனக்கு வாசம் வந்ததா என்பதே நினைவில்லை. அவருக்கு வந்ததுதான் நினைவிருக்கிறது.

வாசம் திரும்பிய துணிச்சல் மறுவாரம் அவரைப் படுத்திவிட்டது. அன்று அவருக்குப் பான் குவோன் வந்தது. அரிசிமாவைத் துணியில் ஊற்றி ஆவியில் அவித்து, மெல்லிய ஏடாக எடுத்து, உள்ளே இறைச்சியும் காளானும் வைத்துச் சுருட்டியிருப்பார்கள். பக்கத்தில் உப்பில் ஊறிய மீன் சாற்றில் மிளகாய் நறுக்கிப் போட்ட கிண்ணம் இருந்தது. நான் தடுப்பதற்குள் அவர் ஒரு துண்டை அதில் தோய்த்து வாயில் போட்டுவிட்டார். இருமலும் கண்ணீருமாகத் துடித்துப்போனார். வெங்காயம் வெட்டும் மனிதர் அன்றுதான் முதன்முதலாகப் பாலோடு வெளியே ஓடிவந்தார். ஒடிசலான ஆள். குரல் கரகரத்தது.

"நானும் இதைத்தான் செய்தேன், இதே மேசையில்" என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டு நாள் வெறும் பால்தான். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை அவராகவே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"வெளிக்கிடும்."

"எங்கை?"

"டெட்ஃபர்டுக்கு. அந்த மிளகாய்த் தண்ணியைத் தொடாமச் சாப்பிட ஏலும்தானே?"

சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் ஸ்கான் எடுத்தார்கள். நோயின் அடையாளம் எதுவும் இல்லை என்றார் டாக்டர். என் கணவர் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். டாக்டரும் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் என் கணவர், "பசிக்குது" என்றார்.

கடையில் அவர் பான் மீ கேட்டார். மொறுமொறுப்பான பாண் ரொட்டியைப் பிளந்து, வாட்டிய இறைச்சியும் காடியில் ஊறிய கரட்டும் முள்ளங்கியும் கொத்தமல்லியும் வைத்துத் தருவது. பாணின் ஓடு தொண்டையைக் கீறும் என்று கடைக்காரி தயங்கினாள். ஸ்கான் செய்தியைச் சொன்னேன். அவள் சமையலறைக்குள் திரும்பித் தன் மொழியில் ஏதோ கத்தினாள். உள்ளே கரண்டியால் பாத்திரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பான் மீயோடு ஒரு கிண்ணம் சாறும் வந்தது. ஒவ்வொரு கடிக்கும் ஒரு வாய் சாறு குடித்துக் குடித்துச் சாப்பிட்டார். சட்டையெல்லாம் பாண் தூள்.

"உங்களுக்கு?" என்று கடைக்காரி என்னைக் கேட்டாள்.

இத்தனை மாதத்தில் நான் அங்கே எனக்கென்று சாப்பிட ஒன்றும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வயிறு காந்தியது. பான் ஸெயோ வாங்கினேன். அரிசிமாவில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கரைத்து, சூடான சட்டியில் ஊற்றி, இறாலும் பயற்றம் முளையும் வைத்து மடிக்கும் மொறுமொறு ரொட்டி. அதைப் பிய்த்து, சலாது இலையில் புதினாவோடு சுற்றி, அந்த மீன் சாற்றிலேயே தோய்த்துச் சாப்பிட்டேன். கை வழிய, அவசர அவசரமாகச் சாப்பிட்டேன்.

"ஆறுதலாச் சாப்பிடும்" என்றார் என் கணவர். "அடுத்த பஸ் வரும்தானே."

நான் இன்னொரு பான் ஸெயோவுக்குச் சொன்னேன்.