அப்பாவின் மடியில் இருந்த பாட்டில்

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகனின் பையைத் திறந்து, சிகரெட் வாடை வருகிறதா என்று மோந்துகொண்டிருந்தேன். சவுக்குத்தோப்பில் ஒரு கௌதாரி கத்தியது. கை அப்படியே நின்றுவிட்டது.

சுனாமிக்கு மறுவருடம் எனக்குப் பதினாலு வயது. அலையில் உயிர் தப்பியதற்காக, இனிக் குடிப்பதில்லை என்று அப்பா மாதாவுக்குப் பொருத்தனை செய்திருந்தார். அம்மா நம்பவில்லை. உப்பள வேலை இல்லாத ஒருநாள் அப்பா கௌதாரி பிடிக்கக் கிளம்பினார். "நீயும் கூடப் போடி. என்னா பண்றாருன்னு பாத்துட்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினாள்.

அப்பாவின் இடுப்பு மடியில் குவார்ட்டர் பாட்டிலின் கழுத்து தெரிந்தது. வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். உப்பளத்தைத் தாண்டி, முள்ளுக்காட்டில் வலை கட்டி, பழக்கிய கௌதாரியைக் கூண்டோடு வைத்தார். அது கத்தினால் காட்டுக் கௌதாரி சண்டைக்கு வரும். ஆனால் அது கத்தவே இல்லை. அப்பா கூண்டருகே போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்தார்.

"அப்பா, குடிக்கிறியா?" என்று கத்திவிட்டேன்.

பக்கத்துப் புதரிலிருந்து காட்டுக் கௌதாரி படபடவென்று பறந்துபோனது. அப்பா திரும்பினார். உள்ளங்கை நிறையக் கரையான்.

"கௌதாரிக்குத் தீனிம்மா" என்றார். பிறகு மெதுவாக, "அம்மா பாக்கச் சொன்னாளா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றேன்.

அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் சொல்லாமலே அவரை அடக்கம் செய்தோம்.

மகன் வாசற்படியில் வந்து நின்றான். "என் பையில என்னம்மா தேடுற?"

"சிகரெட் இருக்கான்னு பாத்தேன்டா" என்றேன்.