ஏழு பேருக்குத் தெரிந்த பாஸ்வேர்ட்

போன சனிக்கிழமை வவுனியாவில் கணினிப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றுக்குப் போனேன். வெறும் அடிப்படை வகுப்புத்தான். அன்று தொடங்கிய படபடப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

"உங்கட பாஸ்வேர்ட் எத்தினை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டார் படிப்பித்த மிஸ்.

விரல் மடித்து எண்ணினேன். "என்னோட சேர்த்து ஏழு பேர், மிஸ்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. மிஸ் சிரிக்கவில்லை. "அன்ரி, அது பாஸ்வேர்ட் இல்லை. ஊர்க்கதை."

என்ன செய்வது? எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் காணிப் பத்திரம் எந்தப் பையில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் இல்லாமல் போனாலும் மற்றவர் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே... அப்படியிருந்தும் பை போயிற்று.

பிறகு அரச அலுவலகங்களுக்கு, கந்தோர் கந்தோராக அலைந்து பிரதிகள் எடுத்தேன். காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் மரணச் சான்றிதழ் – எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி ஓர் ஈமெயிலில் போட்டேன். தாள்களைக் கறையான் அரித்துவிட்டது. மிச்சம் அந்த ஈமெயில்தான். ஆகவே அண்ணா, தங்கை, மருமக்கள் எல்லோருக்கும் பாஸ்வேர்டைச் சொல்லி வைத்தேன். பாதுகாப்பு என்றால் எனக்கு அதுதான்.

மிஸ்ஸுக்கோ, பாதுகாப்பு என்றால் வாயே திறக்கக் கூடாது.

"ஏழு பேரில ஒராளின்ர ஃபோன் துலைஞ்சாலே போதும், அன்ரி. எடுத்தவன் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் போவான்."

அழித்துவிட்டால்? திரும்பவும் கந்தோர் வாசல்களில் நிற்பதா? அங்கேயே பாஸ்வேர்டை மாற்றினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஓமந்தையில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அடுத்த பயம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த ஈமெயிலை யார் திறப்பது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம், லண்டனில் இருக்கும் அண்ணா அழைத்தார்.

"நீ சுகமா இருக்கிறியோ?"

"ஓம் அண்ணா. ஏன்?"

"மெயில் திறபடேல்லை. பாஸ்வேர்ட் பிழையாம். நீ சொல்லாமல் மாத்த மாட்டாய்... உனக்குத்தான் ஏதோ நடந்திட்டுது எண்டு பயந்திட்டன்."

"நீங்கள் ஏன் அதைத் திறந்தனீங்கள்?"

"கிழமைக்கு ஒருக்கா பாக்கிறனான். அம்மான்ர பேப்பர் அதிலதானே கிடக்கு."

அம்மாவின் செத்தவீட்டுக்கு அண்ணாவால் வர முடியவில்லை. அம்மா இல்லை என்பதற்கு அவர் கண்ட ஒரே சாட்சி அந்த மரணச் சான்றிதழ்தான். இவருக்கா நான் கதவைப் பூட்டினேன்?

புதுப் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மறுமுனையில் அவர் அதைத் தாளில் எழுதும் சத்தம் கேட்டது.

இப்போது எனக்கு அந்தத் தாளைப் பற்றிய கவலை.